உடன்போக்கும் உலகச் செலவும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுகளைப் பற்றிக் கூறும் இடத்தில், கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்னும் கருத்தமைந்த நூற்பா ஒன்றை வகுத்துள்ளார். அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் பலவாறு வாதிட்டதுண்டு. எனினும், பொருள் தேடிக் கடல் கடப்பவன் தலைவன். கரையில் காத்திருப்பவள் தலைவி என்னும் ஓவியம் நம் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. நிலவழியில் நிலை வேறு. தலைவன்பின் பாலை நிலத்தைக் கடந்து செல்லும் தலைவியைச் சங்கப் புலவர்கள் உடன்போக்கு என்னும் துறையில் வைத்துப் போற்றினர். காலால் நடக்கும் வழியில் இணையராகப் போகலாம். கலத்தில் போகலாகாது என்பதே பழைய முறை.

இம்முறை நெடுங்காலம் நின்றது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பாலும் மனைவியரைச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் விட்டு, மூன்றாண்டுத் தவணைகளில் தாமே கடல் கடந்தனர். அந்த வழக்கத்தை முதன்முதலில் பெருந்தொகையாக உடைத்தவர்கள் கற்றோரும் அல்லர், செல்வரும் அல்லர். கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய உழவர் குடிகளே அவர்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில், பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, கணவனும் மனைவியுமாய் வந்தனர். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் இருவரும் கத்தி பிடித்துப் பால்மரம் சீவினர். எங்கள் சுங்கை பூலோ வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி வந்த ஓர் இணையரே முதல்வர். அவர்கள் பயணம் ஒருவழிப் பயணம். அது அவர்களை எவ்வாறு மாற்றிற்று என்பதை அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுத அவர்களுக்கு நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை.

அதே ஆண்டுகளில், அதே கடல்களில், வேறோர் இணையர் பயணம் செய்துகொண்டிருந்தனர். மேல்தளத்தில் பாய் விரிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. திரும்பிச் செல்லும் வழியும் அவர்களுக்குத் திறந்தே இருந்தது. அவர்களைப் பற்றிய செய்திகள் எழுத்தில் நிற்கின்றன. ஆகவே நெடும்பயணம் ஓர் இணையரை என்ன செய்கிறது என்று ஆராய விரும்புவோர்க்கு அவர்கள் வாழ்க்கை நல்லதொரு பாடம். அவர்கள் ருக்மிணி தேவியும் ஜார்ஜ் அருண்டேலும் ஆவர்.

ருக்மிணி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தவர். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். வடமொழிப் புலமை உடையவர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, ஓய்வுக்குப்பின் அடையாற்றின் அருகே குடியேறியவர். தாயார் சேஷம்மாள் இசையார்வம் மிக்கவர். ஜார்ஜ் சிட்னி அருண்டேல் 1878இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1903இல் காசிக்கு வந்தவர். அன்னி பெசண்ட் அம்மையார் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியில் வரலாறு கற்பித்தார். அதனைச் சார்ந்த பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும், பின்னர்க் கல்லூரிக்கு முதல்வராகவும் உயர்ந்தார். தன்னாட்சி இயக்கத்தில் பெசண்ட் அம்மையாரோடு உழைத்தமைக்காக 1917இல் ஆங்கில அரசே இந்த ஆங்கிலேயரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. அவரைப் பற்றிய நூல்கள் சமயத் தலைவர் என்றே மிகுதியும் பேசுகின்றன. என் கண்ணுக்கு அவர் முதலில் ஓர் ஆசிரியர். பிறர் வளர்வதைக் கண்டு மகிழும் ஆசிரியப் பண்பு அவரிடம் இறுதிவரை இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1920இல் இருவரும் பம்பாயில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். மணமகளுக்கு வயது 16, மணமகனுக்கு 41. இக்காலத்து ஆசிரியர் எவரும் இவ்வயது வேறுபாட்டை ஒப்பமாட்டார், நானும் ஒப்பவில்லை. ஆனால் அன்றைய சென்னை கொதித்தது வயதைக் கண்டு அன்று. அக்காலத்தில் அதனினும் இளைய சிறுமியர்க்குத் திருமணம் நடப்பது இயல்பாகவே இருந்தது. அந்தணர் குலத்துப் பெண் வெள்ளையரை மணப்பதா என்பதே ஊரின் சீற்றம். பத்திரிகைகள் கண்டித்தன, வைதிகர்கள் வெகுண்டனர். அகப்பொருள் படித்தவர்க்கு இதன் பெயர் தெரியும்: அலர். அலர் எழுந்தபின் உடன்போக்கு நிகழ்வதும் நம் இலக்கண மரபே. இவர்களோ பாலையைக் கடக்கவில்லை, முந்நீரையே கடந்தனர்.

சிலகாலம் இந்தூர் அரசில் கல்வித் துறைப் பணி. அதன்பின் தொடங்கிய பயணங்கள் எளிதில் ஓய்ந்தன அல்ல. 1924இல் ஐரோப்பா. 1925இல் ஆலந்து நாட்டில் அருண்டேல் லிபரல் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயராகத் திருநிலை பெற்றார். மதுரையில் பிறந்த அந்தணப் பெண் ஆயர் ஒருவரின் துணைவியாய் விருந்துகளில் அமர்ந்த காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்! அதே 1925இல் உலகப் பிரம்மஞான இளைஞர் கூட்டமைப்பின் தலைமை ருக்மிணிக்குக் கிடைத்தது. 1926 முதல் சில ஆண்டுகள் அருண்டேலின் பணி ஆஸ்திரேலியாவில். இடையிடையே மீண்டும் ஐரோப்பா, மீண்டும் இந்தியா.

இது கண்காட்சி காணும் பயணம் அன்று என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும். இன்று பத்து நாளில் ஏழு நாடுகளைக் காட்டித் திருப்பி அனுப்பும் சுற்றுலாக் குழுவினர் கோபுரங்களையும் பாலங்களையும் பார்க்கிறார்கள், மனிதரைப் பார்ப்பதில்லை. அன்று வாரக்கணக்கில் கப்பல், சென்ற ஊரில் தங்கல், சொற்பொழிவு, அவ்வூர்க் கலைஞரோடும் அறிஞரோடும் பழக்கம். புகுந்த வீட்டின் நடைமுறையைப் பழகுவதற்கே ஓராண்டு ஆகும் என்று நம் பெண்கள் சொல்வார்கள். ருக்மிணிக்குப் புகுந்த வீடு உலகமாக அமைந்துவிட்டது.

1924இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ருசிய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் பாலே நடனத்தை அவர் முதன்முதலாகக் கண்டார். 1928இல் பாவ்லோவாவின் குழு பம்பாய்க்கு வந்தபோது அந்நிகழ்ச்சியையும் தம்பதியர் கண்டனர். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில், அதே கப்பலில், பாவ்லோவாவும் பயணம் செய்தார். இப்படியொரு தற்செயலைக் கதையில் எழுதினால் நாமே மாணவன் கட்டுரையில் சிவப்புக் கோடு இடுவோம், வரலாறு கூச்சப்படுவதில்லை. கப்பலில் தோன்றிய பழக்கம் நட்பாயிற்று. அக்குழுவின் முன்னணி நர்த்தகியாகிய கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே பயிலத் தொடங்கினார். ஆனால் பாவ்லோவா அவருக்குக் கூறிய அறிவுரை வேறாக இருந்தது: உன் நாட்டின் நடனத்தைத் தேடிப் போ என்பதே அது. 1931இல் பாவ்லோவா மறைந்தார். தம் சொல் விளைத்த பயனை அவர் காணவில்லை.

உன் நாட்டின் நடனம் என்றால் எது? அன்று அதன் பெயர் சதிர். கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசியர் மரபில் அது தழைத்திருந்தது. 1920களிலும் 1930களிலும் அவர்களைச் சமூகம் இழிவாகப் பேசியது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரோ வழக்கம் ஒழியட்டும், கலை அழிதல் ஆகாது என்று வாதிட்டார். சென்னை மியூசிக் அகாதெமி 1931இல் பந்தநல்லூர்ச் சகோதரியரான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் மேடையேற்றியது. 1933இல் அவர்கள் மீண்டும் ஆடியபோது ருக்மிணி தேவி அந்த அவையில் இருந்தார்.

இவ்விரு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ருசிய நடனத்தை அவர் கண்டது 1924. தம் தாய்மொழிப் பாடலுக்கு ஆடும் நடனத்தைக் கண்டது 1933. நடுவே ஒன்பது ஆண்டுகளும் மூன்று கண்டங்களும் இருந்தன. அடையாற்றிலிருந்து சென்னை நகரின் இசை மன்றத்துக்குச் சில கல் தொலைவே. ஆயினும் அச்சிறு தொலைவை நல்ல குடும்பத்துப் பெண் கடக்கக் கூடாது என்று குலம் வேலி போட்டிருந்தது. லண்டனுக்குப் போக வேலி இல்லை! உலகைச் சுற்றி வந்தபின்னரே அவரால் அந்த வேலியைத் தாண்ட முடிந்தது. ஊர்ப் பழிக்கு அஞ்சும் அச்சத்தை 1920இலேயே அவர் கழற்றி எறிந்திருந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அலரை ஒருமுறை கடந்தவர்க்கு இரண்டாவது அலர் பெரிதாகத் தோன்றுவதில்லை.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் பயின்றார். பிள்ளையவர்கள் பழுத்த நட்டுவனார். தஞ்சை மரபின் பெருஞ்செல்வம். முப்பதை எட்டிய வயதில் அரைமண்டியில் அமர்ந்து அடவு தொடங்குவது எத்தகைய உடல் வருத்தம் என்பதைப் பெண்மக்களை நடன வகுப்புக்கு அனுப்பும் தாய்மார் அறிவர். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழா மாநாட்டில் ருக்மிணி தேவி மேடையேறினார். அப்போது அருண்டேல் அச்சபையின் தலைவர். 1934இல் தேர்ந்தெடுக்கப் பெற்றவர். ஓர் உலகச் சமய அமைப்பின் தலைவர், ஊரார் இழிவென்று ஒதுக்கிய ஆடலைத் தம் மனைவி தம் மாநாட்டிலேயே ஆட இசைந்தார். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்திரமாய் வளர்ந்த நிறுவனம் தோன்றியது. கணவரின் அண்ணன் மகள் தம்பி மகள் என்று ஆள் திரட்ட உறவு அங்கில்லை. ருக்மிணியின் தமையனார் ஸ்ரீராமின் மகள் ராதா முதல் மாணவியருள் ஒருவரானார்.

அவர் அந்நடனத்தை எப்படிக் கண்டார் என்பதே என் கட்டுரையின் உயிர்நிலை. பிறந்த வீட்டில் பார்த்துப் பழகிய கண்ணால் அவர் அதனைக் காணவில்லை. நெடுநாள் வெளியூரில் இருந்து திரும்பியவரின் கண்ணால் கண்டார். அந்தக் கண்ணுக்குச் சில அழகுகள் மிகத் தெளிவாய்த் தெரிந்தன. உடலின் கோடுகள், அடவின் வடிவொழுங்கு, வெளியில் உடல் வரையும் கோலம் ஆகியவை பாலே அரங்குகளில் பழகிய கண்ணுக்குப் பளிச்செனத் தோன்றின. ஆடுபவளின் பின்னால் நின்று கூடவே நகர்ந்த பாடகரையும் நட்டுவனாரையும் மேடையின் ஒரு பக்கத்தில் அமர்த்தினார். ஒளியமைப்பிலும் அரங்க அமைப்பிலும் அலெக்ஸ் எல்மோர், கான்ராட் வோல்ட்ரிங் முதலிய மேனாட்டு நண்பர்கள் துணைபுரிந்தனர். உடையில் பழஞ்சிற்பங்களின் சாயலையும் கைத்தறிச் சேலையின் நிறங்களையும் கொணர்ந்தார். மேடையில் நடராசர் திருவுருவம் இடம்பெற்றது. இன்று நம் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சிறுமி ஆடும்போது, வலப்புறம் நடராசர், ஒருபுறம் நட்டுவாங்கம், மேலே வண்ண விளக்கு என்று நாம் காணும் அமைப்பில் பெரும்பகுதி அந்நாளில் உருவானது. அதனை ஈராயிரம் ஆண்டுப் பழைமை என்று அறிவிப்பாளர் முழங்குவார். ஆடலின் வேர் பழைமையானதே; மேடையின் வயது நூறாண்டுக்கும் குறைவு.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதவையும் இருந்தன. அல்லது தெரிந்தும் வேண்டாமென விலக்கப்பட்டன. சிருங்காரச் சுவையில் உடலின்பம் தோன்றும் பதங்களை அவர் ஒதுக்கினார், பக்தியைப் பெருக்கினார். தேவதாசி மரபில் வந்த மேதை பாலசரசுவதி இதனை ஏற்கவில்லை. 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், சிருங்காரமே இக்கலையின் தலையாய உணர்ச்சி என்றும், அதனைத் தூய்மைப்படுத்த வேறொருவர் தேவையில்லை என்றும் பொருள்பட அவர் வாதிட்டார். நடனத்துக்கு மதிப்பு உயர உயர, அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த பெண்கள் மேடையிலிருந்து மறைந்தனர். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் கலையை வீட்டில் ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் கலைக்கு உரியவரைத் திண்ணையில்கூட அமர்த்தவில்லையே! ருக்மிணி தேவியின் மீட்சிப் பணியும் உண்மை. பாலசரசுவதியின் மனக்குறையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் பாடநூல்களில் எனக்கு உடன்பாடு இல்லை. கௌரி அம்மாளின் பெயரையாவது நம் மாணவியர் அறிதல் வேண்டும்.

மேடைக் கலையாகிவிட்ட பரதநாட்டியம் நம் பக்கத்துக்கு வந்ததும் இணையர் வாயிலாகவே என்பது இங்குச் சொல்லத்தக்கது. 1952இல் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய கே. பி. பாஸ்கர் அங்கேயே தங்கி நடனப் பள்ளி தொடங்கினார். 1955இல் சாந்தா அவரை மணந்து வந்து சேர்ந்தார். இருவரும் அந்நாட்டின் நடன வரலாறாகவே ஆயினர். கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் தோன்றிய நுண்கலைக் கோயிலில் கோபால் செட்டி, ராதா இணையரும், சிவதாஸ், வத்சலா இணையரும் முன்னின்று உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மாலை வேளையில் சலங்கையொலி கேட்பதற்குப் பின்னால் இவ்வுழைப்பு இருக்கிறது.

இனி அருண்டேலைப் பார்ப்போம். பயணம் மனைவியை மாற்றிய அளவுக்குக் கணவரையும் மாற்றியதா? பேச்சாளராகவும் தலைவராகவும் முன்னே நடந்தவர் அவர். பின்னே நடந்த இளம்பெண் தமக்கென ஒரு வழியைக் கண்டபோது, தாம் சற்று ஒதுங்கி நின்று வழிவிட்டார். சபையினர் சிலர் முகம் சுளித்தனர், அவர் பின்வாங்கவில்லை. நல்லாசிரியர்க்கும் எளிதில் கைகூடாத பண்பு இது.

அவர்களது நீண்ட உலகத் தொடர்பினால் கல்வித் துறைக்கு விளைந்த நன்மை ஒன்றையும் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் மறத்தல் கூடாது. அருண்டேல் தம்பதியரின் அழைப்பை ஏற்று, 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் மகன் மரியோவுடன் அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தனர். சில மாதங்களில் திரும்பிவிடுவதே அம்மையாரின் எண்ணம். உலகப் போர் குறுக்கிட்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி விடுவிக்கப்பட்டார். 1946 வரை அவர்கள் இந்தியாவில் தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதி கொடைக்கானல் மலையில் கழிந்தது. செடியையும் பூச்சியையும் கல்லையும் கொண்டு குழந்தைக்கு அண்டத்தையே உணர்த்தும் கல்விமுறை அங்கு வளர்ந்தது. இருபது ஆண்டுகள் உலகின் வாயில்களைத் தட்டியவர்களின் வீட்டு வாயிலை உலகமே வந்து தட்டியது.

அக்காலத்தில் ருக்மிணி தேவியின் பார்வை மேன்மேலும் தமிழின்பால் திரும்பியது. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஏட்டுச் சுவடிகளைக் காக்க 1943இல் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அதற்குத் துணைநின்றவர் ருக்மிணி தேவி. சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சேறிய வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர் இந்நன்றியை ஒரு வரியிலேனும் குறிப்பிடலாம். அடுத்த ஆண்டு, 1944இல், அவர் அமைத்த முதல் நாட்டிய நாடகம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி.

உலக இலக்கியத்திலிருந்து எதையும் எடுத்தாளும் வாய்ப்பு உடையவர் குறவஞ்சியைத் தேர்ந்தது வியப்பே. எனக்கு அதில் ஒரு பொருத்தம் தோன்றுகிறது. அந்நூலின் குறத்தி பல நாடு சுற்றியவள். குறி சொல்லி அங்கங்கே பரிசில் பெற்றவள். அவளைத் தேடி வருகிறான் சிங்கன். கண்டதும் காலிலும் கழுத்திலும் புதிதாய் மின்னும் அணிகளைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறான். அவள் எந்த நாட்டில் பெற்றாள் என்பதைச் சற்றும் அஞ்சாமல் விடை கூறுகிறாள். வகுப்பறையில் இப்பகுதியை நகைச்சுவைக்காகவே நடத்துகிறோம். நெடுவழி சென்று வந்த மனைவியைக் கணவன் புதியவளாய்க் காணும் காட்சி அது. ஐயத்தில் தொடங்கி மகிழ்ச்சியில் முடிகிறது.

நாடகம் அரங்கேறிய மறு ஆண்டு, 1945 ஆகஸ்ட் 12ஆம் நாள், அருண்டேல் அடையாற்றில் காலமானார். கலாக்ஷேத்திரம் பிற்காலத்தில் சபையின் நிலத்தைவிட்டுத் திருவான்மியூர்க்கு இடம்பெயர்ந்தது. ருக்மிணி தேவி 1952 முதல் 1962 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராய் இருந்து, வாயில்லா உயிர்களை வதையினின்று காக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டார். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைப்பு வந்தபோது மறுத்தார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறையும்வரை, மரத்தடி வகுப்புகளில் பயின்ற மாணவர்கள் அவரை அம்மையார் என்றோ தலைவர் என்றோ அழைக்கவில்லை. அவர்கள் அழைத்த பெயர் 'அத்தை'.